எண்ணெய் திரும்பிப் போக வழி விடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பண்ணைகளில் நிற்கும் பழைய காற்றாலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மின்சாரம் எடுக்கும் பெரிய காற்றாலை அல்ல. தண்ணீர் இறைக்கிற, நிறையத் தகடுகளும் ஒரு வாலும் வைத்த சின்னக் காற்றாலை. ஆரோவில் பக்கம் போனவர்கள் அந்த மாதிரி ஒன்றைப் பார்த்திருப்பார்கள். நம் பத்திரிகையில் இதைப் பற்றி ஒருவர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டு இரண்டு முறை படித்தேன்.

ஆனால் ஒரு யோசனை தவறாக வந்துவிட்டது. வயதான இயந்திரத்தில் எண்ணெய் ஒழுகுவது சகஜம், ஒழுகும் இடத்தில் சிலிக்கான் பசை வைத்து அடைத்தால் தீர்ந்தது என்கிற பொருளில் எழுதியிருந்தார். கூடவே போட்டிருந்த படத்தில், சக்கரத்தின் நடுவிலிருந்து தகடுகளின் மேல் கறுப்பாக, ஈரமாகக் கோடுகள் ஓடியிருந்தன. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் 31 வருஷம் பிட்டராக வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு டெக்சாஸில், லப்பக் நகரத்துக்கு வெளியே மகள் வீட்டில் இருக்கிறேன். இதுவும் பருத்தி விளைகிற பூமிதான். பக்கத்துப் பண்ணைக்காரர் பருத்தி போடுகிறார், கொஞ்சம் மாடும் வைத்திருக்கிறார். அவருடைய தாத்தா 1920-களில் நிறுத்திய காற்றாலை ஒன்று மேய்ச்சல் நிலத்தில் நிற்கிறது. ஏர்மோட்டார் கம்பெனியின் 602 வகை, 8 அடிச் சக்கரம், 18 தகடு, 33 அடிக் கோபுரம். போன வருஷம் அதை இறக்கி, பிரித்து, மறுபடி ஏற்றினோம். இறக்கியதற்குக் காரணமே எண்ணெய் ஒழுகியதுதான். அதில் நான் கண்ணால் பார்த்ததையும் கையால் செய்ததையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். இந்தக் காற்றாலையில் ஆயில் சீல் கிடையாது. ரப்பர் வளையம், பேக்கிங் கயிறு எதுவும் இல்லை. எனக்கே இது முதலில் நம்பும்படி இல்லை. சுற்றுகிற ஷாப்ட் ஒன்று இரும்புப் பெட்டியிலிருந்து வெளியே வந்து சக்கரத்தைத் தாங்குகிறது, பெட்டிக்குள் எண்ணெய் இருக்கிறது, சீல் இல்லை. அப்படியென்றால் எண்ணெய் வெளியே வராமல் எப்படி இருக்கும்?

திரும்பிப் போவதால்தான் வராமல் இருக்கிறது. பெட்டிக்குள் இரண்டு பெரிய பல் சக்கரங்கள் பாதி எண்ணெயில் முங்கிச் சுற்றுகின்றன. சுற்றச் சுற்ற எண்ணெயை மேலே அள்ளுகின்றன. அந்த எண்ணெய் மேலே உள்ள பாகங்களையெல்லாம் நனைத்து, ஷாப்ட் பேரிங் வழியாக முன்னால் நகர்ந்து, குடத்துக்குப் பக்கம் வருகிறது. குடம் என்று நான் சொல்வது வண்டிச் சக்கரத்தில் சொல்வோமே, அதுதான். பட்டறையில் ஹப் என்போம். அங்கே வந்ததும் கீழே வடிந்து, வார்ப்பிலேயே விட்டிருக்கிற ஒரு துளை வழியாகப் பெட்டிக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. இது ஒரு ஓட்டம். போகும் வழியும் திறந்திருக்க வேண்டும், வரும் வழியும் திறந்திருக்க வேண்டும். வரும் வழி அடைத்தால் எண்ணெய்க்கு வெளியே போவதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மேஸ்திரி ஒரு ஆயில் என்ஜினுக்கு அடியில் என்னை உட்கார வைத்து, "சொட்டற எடத்தப் பாக்காத கண்ணு, அது எங்க போகோணுமோ அந்த எடத்தப் பாரு" என்று சொன்னார். அப்போது பாதிதான் விளங்கியது. மீதி டெக்சாஸில் விளங்கியது.

இந்தத் தானாக எண்ணெய் போட்டுக்கொள்கிற ஏற்பாடு எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. 1854-ல் டேனியல் ஹாலடே என்பவர் காற்றின் வேகத்துக்கு ஏற்பத் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் காற்றாலையைச் செய்தார். அது மரச்சக்கரம். அப்புறம் தாமஸ் பெரி என்ற பொறியாளர் 1882, 83 வாக்கில் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, வளைந்த இரும்புத் தகடுதான் சரி என்று கண்டார். லாவெர்ன் நாய்ஸ் என்பவரோடு சேர்ந்து 1888-ல் சிகாகோவில் ஏர்மோட்டாரை ஆரம்பித்தார். முதல் வருஷம் விற்றது 45. நாலைந்து வருஷத்தில் அது ஆயிரக்கணக்கில் போனது. ஆனால் அவ்வளவு நல்ல சக்கரத்துக்கும் யாராவது ஒருவர் வாராவாரம் கோபுரம் ஏறி எண்ணெய் விட்டாக வேண்டும். டெக்சாஸில் எக்ஸ்.ஐ.டி என்கிற பெரிய மாட்டுப் பண்ணையில் 1900 வாக்கில் முந்நூறுக்கும் மேல் காற்றாலைகள் இருந்தன. அங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஏறி எண்ணெய் விடுவதே சிலருக்கு முழுநேர வேலை. காற்றடிக்கும் நாளில் வழுக்குகிற இரும்பு ஏணியில் எண்ணெய் டப்பாவோடு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். 1915-ல் ஏர்மோட்டார் மூடிய பெட்டிக்குள் எண்ணெயை ஓட விட்டது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை ஏறினால் போதும் என்றானது. அந்த ஒரு தடவையைக் காப்பாற்றித் தருவதே திரும்பு துளைதான். அதைப் பசை வைத்து மூடலாம் என்று அச்சில் வரும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

சரி, எங்கள் காற்றாலைக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழுதுபார்க்கும் ஆள் வந்து, ஒழுகுகிறது என்றதும் குடத்தைச் சுற்றிச் சிவப்பு சிலிக்கான் பசையைக் கனமாக அப்பிவிட்டுப் போயிருந்தார். சுற்றுகிற குடத்துக்கும் நிற்கிற வார்ப்புக்கும் நடுவே வைத்த பசை எத்தனை நாள் தாங்கும்? சுற்றிச் சுற்றிக் கிழிந்து, துணுக்குத் துணுக்காகி, உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் திரும்பு துளையிலேயே உட்கார்ந்துவிட்டது. முன்பு கொஞ்சம் ஒழுகியது, பிறகு நிறைய ஒழுகியது. ஒழுகுவதைப் பார்த்த பண்ணைக்காரர் ஒவ்வொரு முறை ஆள் ஏறும்போதும் கூடுதலாக எண்ணெய் ஊற்றச் சொன்னார். அதுவும் டிராக்டருக்கு வாங்கி மிச்சமிருந்த கனமான என்ஜின் ஆயில்.

இங்கேதான் இரண்டாவது கசிவு பிறந்தது. பெட்டியின் நடுவில் பம்ப் கம்பி, அதாவது கிணற்றுப் பம்பை மேலும் கீழும் இழுக்கிற கம்பி, இறங்குவதற்கு ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் மட்டம் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே இருக்கும் வரை கவலையில்லை. மேலே போனால் குழாய்க்குள் வழிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே 33 அடியும் இறங்கிக் கிணற்றுத் தலைக்கு வந்துவிடும். பண்ணைக்காரரின் மாட்டுத்தொட்டியில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்ததை நானே பார்த்தேன். மாடு குடிக்கிற தண்ணீர். அதைப் பார்த்த அன்றுதான் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

ஏறி இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஏறவில்லை, என் வயதில் ஏறக்கூடாது. இடுப்புப் பட்டையும் கயிறும் உள்ள இரண்டு பையன்கள் ஏறினார்கள். முதலில் கீழே உள்ள நெம்புகோலை இழுத்துச் சக்கரத்தைக் காற்றிலிருந்து திருப்பி நிறுத்தினோம். அது போதாது. மேலே போனதும் சக்கரத்தைக் கோபுரத்தோடு கயிறு போட்டுக் கட்டிய பிறகுதான் மற்றதில் கை வைத்தார்கள். பம்ப் கம்பியைக் கழற்றி, கிரேனில் தூக்கித் தரையில் வைத்தோம். 33 அடி உயரத்தில் பேரிங் பார்க்க முடியாது. பார்க்க முடியும் என்று சொல்கிறவரை ஏற்றாதீர்கள்.

தரையில் வைத்து வடிகால் பிளக்கைக் கழற்றினேன். முதலில் வந்தது எண்ணெய் இல்லை, தண்ணீர். துருவோடு சேர்ந்து, பால் கலக்காத காப்பி நிறத்தில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு தார் மாதிரி எண்ணெய் மெதுவாக இறங்கியது. தண்ணீர் எப்படி வந்தது என்று தேடினால், மேலே மூடியிருக்கும் தகரத் தொப்பியில் இரண்டு துப்பாக்கிக் குண்டுத் துளைகள். வேட்டைக்கு வந்த யாரோ காற்றாலையைக் குறி பார்த்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் வாலிலும் தொப்பியிலும் குண்டுத் துளை இல்லாத பழைய காற்றாலை கிடைப்பதே அரிது. ஓட்டை சின்னது, ஆனால் வருஷக்கணக்கில் பெய்த மழை அதன் வழியே உள்ளே போயிருக்கிறது. எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் தங்கும். லப்பக்கில் குளிர்காலத்தில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். அடியில் தங்கிய தண்ணீர் உறைந்தால் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டப் பெருக்கும். வார்ப்பிரும்பு அதைத் தாங்காது.

அதனால் விரிசல் இருக்கும் என்று முதலிலேயே எனக்குச் சந்தேகம். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கோவையில் பம்ப் உடம்பு வார்ப்பில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்கிற பழைய வேலையைச் செய்தேன். பெட்டியைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, வெளிப்பக்கம் முழுவதும் சாக்பீஸ் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து வெள்ளையாகப் பூசினேன். பூச்சு காய்ந்ததும் உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். பண்ணைக்காரர் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அடி மூலையில், வெள்ளைக்கு நடுவே மயிரிழை மாதிரி ஒரு சாம்பல் கோடு எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு அங்குல நீளத்துக்கு வளர்ந்தது. அவர் எழுந்து வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் கசிவு இருப்பதே அவருக்குத் தெரியாது, குடத்தில் ஒழுகியது எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

விரிசலை முதலில் முடிக்க வேண்டும், பேரிங் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலை பாழ், ஏனென்றால் பேரிங்குக்கு உருக்கி ஊற்றுகிற ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகம், பெட்டியைச் சூடாக்கும்போது உருகி ஓடிவிடும். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினேன். கோட்டை வி வடிவத்தில் தேய்த்துத் திறந்தேன். பழைய வார்ப்பிரும்பு எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். சூடு காட்டக் காட்ட வியர்வை மாதிரி எண்ணெய் வெளியே வரும். துடைத்து மறுபடி சூடாக்கினேன், மூன்று தடவை. நாலாவது தடவை வரவில்லை. பிறகு கரி நெருப்பில் முழுப் பெட்டியையும் ஒரே சீராகச் சூடேற்றி, பித்தளைக் கம்பியால் பற்று வைத்து, காய்ந்த சாம்பலில் புதைத்து மறுநாள் காலை வரை தொடவில்லை. அவசரப்பட்டு வெளியே எடுத்திருந்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விட்டிருக்கும்.

அடுத்தது பேரிங். சக்கரம் ஒரு பக்கமாகத் தொங்குகிற பாரம். அதனால் முன் பேரிங் அடிப்பக்கம் தேயும், பின் பேரிங் மேல்பக்கம் தேயும். ஷாப்ட் மூக்கைத் தாழ்த்திக்கொள்ளும். எண்ணெய்க்கு அது சரிவுப் பாதை. துளை திறந்திருந்தாலும், தேய்மானம் அதிகமானால் வருகிற அளவைத் துளை வாங்காது. பிரிக்கும்போதே பீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள், வைத்துப் பார்த்தபோது முன்பக்கம் மேலே அவற்றை அடுக்கி அடுக்கி விட முடிந்தது. 1933-ல் வந்த 702 வகைக்கு இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன, கம்பெனி இப்போது டெக்சாஸிலேயே சான் ஆஞ்சலோவில் இருக்கிறது. எங்களுடையது அதற்கு முந்தியது, பெட்டியிலேயே ஒயிட் மெட்டல் ஊற்றிய பேரிங். எனக்கு அது கைவந்த வேலை. பழைய ஆயில் என்ஜின்களுக்கு எத்தனையோ ஊற்றியிருக்கிறேன்.

பெட்டியைச் சூடேற்றியபோது உருகின பழையதைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஷாப்டை விளக்குப் புகையில் காட்டிக் கரி படிய வைத்தேன், புது உலோகம் ஒட்டாமல் இருக்க. ஷாப்டை மட்டம் பார்த்து நடுவில் நிறுத்தி, இரண்டு ஓரத்தையும் களிமண்ணால் அணை கட்டினேன். களிமண் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தால் உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். கோவையில் ஒருவருக்குக் கண் போனதைப் பார்த்தவன் நான். உலோகம் பக்குவமா என்று பார்க்கப் பைன் குச்சியை உள்ளே விட்டு எடுத்தேன். குச்சி கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. பெட்டியையும் முன்கூட்டிக் கொஞ்சம் சூடாக்கி, ஒரே மூச்சில் ஊற்றினேன். பாதியில் கை நின்றால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்துவிடும். புகையில் ஈயம் இருக்கலாம், வெளியில், காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டித்தான் இதைச் செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் சுரண்டல். ஷாப்டில் நீலச் சாயம் தடவி, உட்கார வைத்துச் சுற்றி, எடுத்து, எங்கே நீலம் பட்டிருக்கிறதோ அங்கே மட்டும் ஸ்கிரேப்பரால் ஒரு இழை. மறுபடி நீலம், மறுபடி இழை. முதலில் நாலைந்து பொட்டுதான் படும், முடிவில் பேரிங் முழுக்க நீலப் புள்ளி தூவினது போல வரும். பேரிங்கில் எண்ணெய் ஓடுவதற்கான காடி (சின்னப் பள்ளம்) வெட்டும்போது ஒன்றைக் கவனித்தேன்: காடி வெளி ஓரம் வரைக்கும் போகக்கூடாது. போனால் நாமே எண்ணெய்க்கு வெளியே போக வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகும்.

திரும்பு துளையை விட்டுவிட்டேன் பாருங்கள், முக்கியமே அதுதான். சிவப்புப் பசைத் துணுக்கும் இறுகின கசடும் சேர்ந்து மெழுகுக் கட்டி மாதிரி அடைத்திருந்தது. பழைய மோட்டார் சுற்றின தாமிரக் கம்பியை இரண்டாக முறுக்கி உள்ளே விட்டேன். இரும்புக் கம்பி போடவில்லை, வார்ப்பைக் கீறும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, குத்தி, மறுபடி ஊற்றி, பிறகு காற்றடித்தேன். கடைசியில் ஒரு விரல் கணு அளவுக்குச் சிவப்பும் கறுப்புமாக ஒரு துண்டு வெளியே வந்து விழுந்தது. அதைப் பண்ணைக்காரர் ஒரு மாத்திரைப் புட்டியில் போட்டு இன்றும் வைத்திருக்கிறார். பிறகு பெட்டியை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, முன் பேரிங் ஓரத்தில் ஒரு டம்ளர் எண்ணெய் ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே வராமல் அத்தனையும் உள்ளே போய்ச் சேர்ந்தது.

எண்ணெய் விஷயத்திலும் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. வண்டிக்குப் போடுகிற என்ஜின் ஆயில் இதற்கு ஆகாது. அதில் அழுக்கைக் கரைத்து மிதக்க வைக்கிற மருந்து கலந்திருக்கும். காரில் வடிகட்டி இருக்கிறது, அழுக்கு அதில் போய்விடும். காற்றாலையில் வடிகட்டி இல்லை. அழுக்கும் தண்ணீரும் தனியே பிரிந்து அடியில் தங்கினால்தான் வருஷத்துக்கு ஒருமுறை பிளக்கைத் திறந்து வெளியேற்ற முடியும். அதனால் அந்த மருந்து கலக்காத, 10-ஆம் எண் மெல்லிய எண்ணெய் போடுகிறார்கள். மெல்லியதாக இருக்க இன்னொரு காரணம், குளிரில் கனமான எண்ணெய் திரும்பு துளையில் இறங்காது. கனமாகப் போட்டால் ஒழுகாது என்று நினைப்பது பலருடைய பழக்கம். இந்த இயந்திரத்தில் அது நேர் எதிராக வேலை செய்கிறது.

மேலே ஏற்றுவதற்கு முன் கோபுரத்துக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். ஒரு கால் மண்ணில் இறங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த பெட்டியில் எண்ணெய் ஒரு மூலைக்குப் போய்விடும், அளவு சரியாக ஊற்றினாலும் ஒரு பக்கம் குழாய் வாயைத் தொட்டுவிடும். காலை நிமிர்த்திக் கான்கிரீட் போட்டோம். தொப்பியின் இரண்டு ஓட்டைக்கும் தகரம் வைத்து ஈயப் பற்று வைத்தேன். அப்புறம் தரையிலேயே, மரச் சட்டத்தில் பெட்டியை ஏற்றி ஷாப்டை இரண்டு நாள் ஓட விட்டோம். அடியில் பழுப்புக் காகிதம் விரித்து வைத்தேன். முதல் நாள் மூன்று பொட்டு. மூன்றும் வடிகால் பிளக்குக்கு நேர் கீழே. பிளக்குக்குப் புது தாமிர வாஷர் போட்டதும் இரண்டாம் நாள் காகிதம் அப்படியே இருந்தது.

ஈரமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. குடத்துக்குப் பின்னால் விரல் வைத்தால் மெல்லிய எண்ணெய்ப் பசை ஒட்டும். அது இருந்தே தீர வேண்டும், பேரிங் நனைந்திருப்பதற்கு அதுதான் சாட்சி. கட்டுரையாளர் பழைய இயந்திரத்தில் கொஞ்சம் ஈரம் இயல்பு என்று சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். தகட்டில் கோடாக ஓடுவதும், கிணற்றுத் தலையில் சொட்டுவதும் வேறு.

லப்பக் காற்றாலை அருங்காட்சியகத்துக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த பில்லி வுல்ஃப் என்ற அம்மையார் இந்தக் காற்றாலைகள் அழிந்துபோகின்றனவே என்று தேடித் தேடி ஆவணப்படுத்தினார், அதிலிருந்து வளர்ந்த இடம் அது. நூற்றுக்கும் மேல் காற்றாலைகள் நிற்கின்றன. அங்கே போகிறவர்கள் தயவுசெய்து சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், பெட்டிக்குள் எண்ணெய் எப்படிச் சுற்றுகிறது என்று பாருங்கள். எங்கள் ஊர் ஐ.டி.ஐ பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். படத்தில் இருக்கிற அந்தக் காற்றாலையின் சொந்தக்காரரைக் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் தயவுசெய்து ஒரு செய்தி சொல்லச் சொல்லுங்கள். கோடுகள் சக்கரத்தின் நடுவிலிருந்து தகட்டின் நுனி வரைக்கும் போயிருக்கின்றன, அவ்வளவு எண்ணெய் வெளியே போயிருந்தால் பெட்டிக்குள் மிச்சம் இருக்கிறதா என்பதே சந்தேகம். வறண்டு ஓடினால் பேரிங் உருகும், பல் தேயும், ஷாப்ட் அறுந்தால் சக்கரம் முழுதாகக் கீழே வரும். படத்தில் கோபுரத்துக்குக் கீழே இரண்டு குழந்தைகள் நிற்கிறார்கள். நெம்புகோலை இழுத்துச் சக்கரத்தைக் காற்றிலிருந்து இன்றே திருப்பி நிறுத்தட்டும். மூடியைத் திறந்து மட்டம் பார்த்து, திரும்பு துளையில் கம்பி விட்டுப் பார்க்கும் வரைக்கும் அதை ஓட விட வேண்டாம். பசை வாங்கி வைத்திருந்தால் அதைக் குடத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர்,
லப்பக் அருகே, டெக்சாஸ்
(சொந்த ஊர்: கோவை, பீளமேடு)